அக்காவுக்குப் படித்துக் காட்டிய முகாம் கதை

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு புத்தகத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பேன். பேனா பிடித்தால் மட்டும் தைரியம் எங்கிருந்து வரும்? எழுதிக் கிழித்து, மறுபடி எழுதித்தான் இதுவும். புத்தகம் நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியாது. அது எங்கள் வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்பது மட்டும் தெரியும். அதைப் பார்த்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐம்பதுகள் முடிந்து அறுபது பிறந்திருந்த சமயம். கல்யாணமாகி விழுப்புரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மஞ்சள் காமாலை கண்டதால் என்னைத் திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி, மதியம் மோர்ச் சோறு, மற்ற நேரமெல்லாம் பாய். நான் படித்த மிஷன் பள்ளியின் டீச்சர் ஒருவர் அடுத்த தெருவில் குடியிருந்தார். என்னைப் பார்க்க வந்தவர் பையிலிருந்து தடிமனாக ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார்.

"சும்மா மோட்டுவளைய பார்த்துக்கினு கெடக்காத. இத படி. அழுவாச்சி கதைதான், உன் ஒடம்புக்கு ஒத்துக்குமோ என்னமோ."

அட்டை கிழிந்து, டீச்சரே பழுப்புத்தாளில் வேறு அட்டை போட்டிருந்தார். எழுதியவர் யார், தமிழில் மாற்றியவர் யார் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த நாளில் நாங்கள் கதையைத்தான் படித்தோம். அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்ற நினைப்பே வராது.

குளிர் தேசம் ஒன்றில் நடக்கிற கதை. யுத்தத்தின்போது ஜெர்மன்காரர்கள் ஊர் ஊராக ஜனங்களைப் பிடித்து ரயிலில் ஏற்றி, முள்கம்பி வேலி போட்ட முகாமில் அடைக்கிறார்கள். வேலை செய்ய முடிந்தவன் இருப்பான், முடியாதவனைக் கொன்று எரித்துவிடுவார்கள். அங்கே ஒரு தச்சன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பெண்களின் கொட்டகை. அங்கே ஒருத்தி, செத்தவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்குகிற வேலை செய்கிறாள். ஒரு நாள் ஒரு செருப்புக்குள் காய்ந்த ரொட்டித் துண்டு இருக்கிறது. அதை அவள் தின்னாமல் வேலிக் கம்பத்தின் அடியில் மண்ணில் புதைத்துவிட்டு, இவனைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் அவர்கள் காதல். பாதிப் புத்தகம்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

படித்துக்கொண்டே அழுதேன். "கண்ணு மஞ்சளா கெடக்கறப்போ அழுதா பார்வ பூடும்" என்று அம்மா திட்டினாள். நான் அந்தத் தச்சனுக்காக மட்டும் அழவில்லை. எங்கள் வீட்டிலும் ஒருவர் முகாமுக்குப் போயிருந்தார். என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார். அவரை நான் பார்த்ததே இல்லை.

அவர் யுத்தத்துக்கு முன்பே மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். போகும்போது அக்கா, அதாவது என் ஓரகத்தி, மாசமாக இருந்தாள். பெண் பிறந்த சேதி போய், "குழந்தைக்கு முடி இறக்க நான் வருகிறேன்" என்று பதில் வந்தது. பிறகு ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. யுத்தம் முடிந்த பிறகு கண்டாச்சிபுரத்து ஆள் ஒருவர், மூத்தாரோடு அதே தோட்டத்தில் இருந்தவர், எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். இரண்டு பேரையும் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான், காட்டுக்குள் கேம்பில் போட்டான் என்று சொன்னார். தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டைக்கு ஒரு உயிர் என்று கணக்காம். காலரா வந்ததும் கண்டாச்சிபுரத்தாரை மட்டும் வேறு கேம்புக்கு மாற்றிவிட்டார்கள். "அண்ணன கடைசியா நான் உசுரோடதான் பார்த்தேன்." இதுதான் அவர் கொண்டுவந்த சேதி.

அந்த ஒரு வார்த்தையில் அக்கா குங்குமத்தை வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டியது. என் கணவருக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன் வேலை. கடைக்குப் போகக் குறுக்கே பாதையைக் கடக்க வேண்டும். அக்கா ஜல்லிமேல் தாண்டித் தாண்டிக் கால் வைப்பாள், கட்டைமேல் மட்டும் வைக்கமாட்டாள். புதுப்பெண்ணாக வந்தபோது நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். காரணம் தெரிந்த பிறகு நானும் ஜல்லிமேல்தான் நடந்தேன்.

உடம்பு தேறி, டீச்சரிடம் கேட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் வந்தேன். வந்தபோது வீட்டில் வேறு ஒரு நெருக்கடி.

அக்காவின் பெண்ணுக்கு ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து வரன் வந்திருந்தது. நல்ல குடும்பம், சொந்தமாகக் கொஞ்சம் நிலம், பையன் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் வேலை. பெண்ணுக்கு அவனைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லமாட்டாள், ஆனால் அவர்கள் வந்துபோன நாளிலிருந்து வீட்டில் பாத்திரம் உருளுகிற சத்தம் குறைந்திருந்தது. இதற்கு முன்னால் வந்த வரன்களெல்லாம் ஒரே கேள்வியில் நின்றுபோனவை. இவர்களும் அங்கேதான் வந்து நின்றார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பொண்ணோட தகப்பனாரு இருக்காரா, இல்லையா? ஏதாவது ஒண்ண சொல்லுங்க."

"சேதி இல்லிங்க" என்றார் என் கணவர்.

"சேதி இல்லன்னு பத்திரிகையில போட முடியுமா? இருக்கார்னா அவருதான தார வாத்து குடுக்கணும். இல்லன்னா நீங்களும் உங்க சம்சாரமும் மணையில ஒக்காருங்க, எங்களுக்கு சம்மதம்."

"வைக்கோல்ல உருவம் பண்ணி கருமாதி முடிச்சிடலாம்னு நாங்களும் பேசிக்கினு இருக்கோம்" என்றாள் என் மாமியார். பெற்ற பிள்ளைக்கு அதைச் சொல்ல அவளுக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்.

பெரியப்பா தலையை ஆட்டினார். "அது போதாதும்மா. நாளைக்கு அந்த மனுசன் உசுரோட வந்து நின்னார்னா? இருக்கறவருக்கு கொள்ளி வெச்ச ஊட்ல பொண்ணெடுத்தான்னு எங்க ஊர்ல சிரிப்பாங்க. திருவாமாத்தூர் வட்டப்பாறையில கை வெச்சி அந்தம்மா சொல்லட்டும், எம் புருசன் காலமாயிட்டார்னு. அதுக்கு மேல நாங்க கேக்க மாட்டோம்."

எங்கள் பக்கத்தில் எந்த வழக்கும் கடைசியில் போய் நிற்கிற இடம் அது. திருவாமாத்தூர்க் கோயிலில் உள்ள அந்தக் கல்மேல் கை வைத்துப் பொய் சொன்னால் குடும்பம் தழைக்காது என்பார்கள். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்லிவிட்டு, அங்கே வரச் சொன்னால் வழக்கையே விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

ஆடி பிறப்பதற்குள் பதில் சொல்லச் சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். அடுப்படியில் அக்கா என்னிடம் சொன்னாள்:

"தெரியாதத எப்படி தங்கச்சி சொல்றது? செத்துட்டார்னு நான் சொல்லி, அது பொய்யா பூட்டா, அந்தக் கல்லு என்ன ஒண்ணும் கேக்காது. எம் பொண்ணதான் கேக்கும். சொல்லலைன்னா பொண்ணு இப்படியே நிக்கும்."

"யாருகிட்டயாவது விசாரிக்கலாமே அக்கா."

"இத்தினி வருஷமா யார விசாரிக்காம வுட்டேன்? யாருக்கு தெரியும் அங்க நடந்தது?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். கேம்பில் அடைத்துவைத்த ஒருத்தனின் கதை என்னிடம் ஒன்று இருக்கிறது, சயாம் கேம்பு இல்லை, ஜெர்மன்காரன் கேம்பு என்றேன். துடைத்துக்கொண்டிருந்த டம்ளரோடு அக்காவின் கை அப்படியே நின்றது.

"படிச்சி காட்டு" என்றாள்.

அது விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற காலம். ஆடிப் பட்டத்துக்காக மண்டியிலிருந்து மூட்டைகளை வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, காயின் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தினால் பிளக்கும். பருப்பின் மேல்தோல் கிழியக்கூடாது. கிழிந்தால் விதைக்கு ஆகாது, கூலியும் இல்லை. நான் படிக்க, மற்றவர்கள் உடைத்தார்கள். படிக்கிறவளுக்குக் கூலி போய்விடக்கூடாது என்று எழுந்து போகும்போது ஒவ்வொருத்தியும் தன் பருப்பிலிருந்து ஒரு கை அள்ளி என் முறத்தில் போட்டுவிட்டுப் போவாள். இந்த ஏற்பாட்டை யாரும் பேசி வைக்கவில்லை.

எனக்கு முதலில் குரலே எழும்பவில்லை. எதிர்வீட்டு அத்தை, "இன்னாடி, காதுல ரகசியம் சொல்ற மாதிரி படிக்கற? நாங்க இன்னா உன் புருசனா?" என்றாள். அதற்கப்புறம் கொஞ்சம் உரக்கப் படித்தேன்.

கதையை அவர்கள் கேட்ட விதம் வேறு. முகாமில் காலையில் முள்ளங்கி வேகவைத்த தண்ணீர் ஊற்றுவான் என்று படித்தால், எதிர்வீட்டு அத்தை, "அட, நம்ம ஊட்டு ரசம்" என்பாள். என் மாமியார் உடனே, "எங்க ஊட்டு ரசத்த குடிச்சிதான்டி உன் நாக்கு இம்மாம் நீளம் வளந்துது" என்பாள். பனி கொட்டிப் பத்துப் பேர் செத்தார்கள் என்றதும் ஒருத்திக்கும் நம்பிக்கை வரவில்லை. மார்கழியில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது, அதற்கெல்லாமா சாவார்கள்? நானும் பனிமழையைக் கண்டவள் இல்லை. "அங்க கல்லு கல்லா விழுமாம்" என்று சமாளித்தேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கதை கேட்கவில்லை, விசாரணை செய்துகொண்டிருந்தாள். ராத்திரி எங்கே படுத்தார்கள், செருப்பு கொடுத்தானா, ஜுரம் வந்தால் என்ன செய்தான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். புத்தகத்தில் இருந்தால் சொன்னேன், இல்லையென்றால் இல்லை என்றேன். "இது நெசமா நடந்ததா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"கதைதான் அக்கா."

"நடக்காதத ஒருத்தன் இத்தினி பக்கத்துக்கு எழுதுவானா? எவனோ ஒருத்தனுக்கு நடந்திருக்கு."

கதையில் ஓர் இடம் வருகிறது. தச்சனுக்கு ஊரில் மனைவி உண்டு. அவள் முகம் அவனுக்கு மறந்துகொண்டு வந்தது என்று ஒரே ஒரு வரி. திண்டிவனத்தில் படித்தபோது அந்த வரியை நான் கவனிக்கவே இல்லை. கூடத்தில் உரக்கப் படித்ததும் எல்லோர் கையும் நின்றது.

"ஊட்ல ஒருத்தி இருக்காளா?" என்றாள் எதிர்வீட்டு அத்தை. "இத மொதல்லயே சொல்லி இருக்கணும். அப்போ வேலியாண்ட நிக்கறவ யாரு?"

"ஊட்ல இருக்கறவளுக்கு இவன் லெட்டர் போட்டானா?" என்று அக்கா கேட்டாள்.

"அதெல்லாம் எழுதல அக்கா. கேம்புல லெட்டர் எழுத வுட மாட்டானுங்க."

"கேம்ப வுட்டு வெளிய வந்தப்புறம்?"

கடைசி அத்தியாயம்வரை எனக்குத் தெரியும். கதவு திறந்ததும் அவனும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு வேறு தேசத்துக்குப் போய்விடுகிறார்கள். ஊரில் இருந்தவளைப் பற்றி அதன்பிறகு ஒரு சொல்கூட இல்லை. சொன்னேன்.

"படுபாவி" என்றாள் ஒருத்தி. "போட்டிருப்பான், தபால்காரன் துன்னுட்டிருப்பான்" என்றாள் எதிர்வீட்டு அத்தை. அக்கா ஒரு மல்லாட்டையை எடுத்து மெதுவாக உடைத்தாள்.

"இருக்கட்டுமே" என்றாள். "எவளோடயாவது இருக்கட்டும். உசுரோட இருந்தா போதாதா?"

அன்றிலிருந்து அக்காவின் முகம் மாறியது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு ரொட்டித் துண்டைப் புதைத்துவைக்க ஒருத்தி இருந்தால் அந்த இடத்திலும் மனிதன் பிழைக்கலாம் என்பது அவளுக்கு அதுவரை தெரியாத வழி. சயாம் காட்டில் அவருக்கும் அப்படி ஒருத்தி இருந்திருப்பாள், அவளோடு எங்கோ இருக்கிறார், வெட்கப்பட்டுக்கொண்டு எழுதவில்லை. தனக்குச் சக்களத்தி ஒருத்தி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்ணை நான் அவள் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். வேலியோரம் அவர்கள் பார்த்துக்கொள்ளும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். ஒரு மாலை பூக்காரியிடம் கேட்டு வாங்கி ஒரு முழம் கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். அவள் பெண் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போனது. பெரியப்பாவுக்கு என்ன பதில் வரப்போகிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது. வாளி ரொம்ப நேரம் கிணற்றில் இறங்கவே இல்லை.

என் கணவர் என்னைத் தனியாகக் கேட்டார். "இன்னா புக்கு அது? அண்ணி வட்டப்பாறைக்கு வர மாட்டேன்னு சொல்லிடுவாங்க போலயே. பெரிய பேஜாரா பூடும்." நான் பாதியில் நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். அக்கா விடவில்லை.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. தச்சனுக்குப் பக்கத்தில் படுக்கிற கிழவன், நெடுநாள் முகாமில் இருந்தவன், அவனிடம் சொல்கிறான்: இங்கே ரொட்டியை மறைக்கத் தெரிந்தவன் இருப்பான், இரக்கப்பட்டுக் கொடுக்கிறவன் முதலில் போவான். மறுநாள் தச்சனின் சொந்த ஊர் நண்பன் ஜுரத்தில் கை நீட்டுகிறான். தச்சன் ரொட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்கிறான். காலையில் நண்பன் இல்லை. தச்சன் எழுந்து வேலைக்குப் போகிறான். அவன் பிழைத்தது அவளுடைய காதலால் மட்டும் இல்லை, அந்த ராத்திரி திரும்பிப் படுத்ததாலும்தான் என்று எழுதியிருந்தது.

படித்து நிமிர்ந்தேன். அக்காவின் மடியில் உடைத்த பருப்பும் தோலும் கலந்து கிடந்தன. உள்ளங்கையில் ஒரு பருப்பை வைத்துத் தேய்த்துத் தேய்த்து மேல்தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு அது வராது" என்றாள்.

"எது அக்கா?"

"வெச்சி துன்ன வராது. கல்யாணமாயி வந்த புதுசுல, களத்துக்கு கூழு கொண்டும்போவேன். எதுர்ல எவன் வந்தாலும் கலயத்த நீட்டிடுவாரு. அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நான் சண்ட போட்டு சண்ட போட்டு பார்த்தேன்."

இரண்டு நாள் கழித்து, கண்டாச்சிபுரத்துச் சந்தைக்குப் போக வேண்டும், நீ துணைக்கு வா என்றாள்.

சந்தையில், சயாமிலிருந்து திரும்பிய அந்த மனிதர் சாக்கு விரித்துக் கத்திரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழுப்புரம் வந்து எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்கண்ணி, இன்னா இம்மாந்தூரம்? பொண்ணுக்கு ஏதோ கூடி வருதுன்னு கேள்விப்பட்டேன். காய் வாங்கவா வந்தீங்க? உங்களுக்கு நான் வித்தா எங்கண்ணன் என்ன செருப்பால அடிப்பாரு. கூடைய குடுங்க."

"காய் வாணாம். ஒண்ணு கேக்கணும். அங்க கேம்புல உங்களுக்கு சோறு அளந்துதான போடுவான்?"

அவர் எதிர்பார்க்காத கேள்வி அது. எல்லோரும் அவரிடம் ஒன்றைத்தான் கேட்பார்கள்: உயிரோடு பார்த்தாயா? "ஆமாண்ணி, ஒரு தகர டப்பா அரிசி. அதுவும் புழு" என்றார்.

"அவரு தன்னோடத துன்னாரா?"

தராசுத் தட்டில் இருந்த காய்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் வைத்தார். ஒரு கிழவி வந்து விலை கேட்டாள். "அப்பால வா ஆயா" என்றார். பிறகு அக்காவைப் பார்க்காமல் சொன்னார்:

"எனக்கு காலுல புண்ணு வெச்சி வேலைக்கு போவ முடியல. வேல செய்யாதவனுக்கு பாதி சோறுதான். அவரோடதுல பாதிய எனக்கு போட்டுடுவாரு. ரொம்ப நாளு. வாணாண்ணன்னா கேக்க மாட்டாரு. நான் வேற கேம்புக்கு போறன்னிக்கு நான் நல்லா நடந்து போனேன் அண்ணி. அவருக்கு நிக்க முடியல. ஒக்காந்துக்கினே கைய ஆட்டினாரு."

"இத நீங்க சொல்லவே இல்லையே."

"யாரும் கேக்கலையே அண்ணி. உசுரோட பார்த்தேன்னு சொன்னது பொய் இல்ல."

"பொய் இல்ல" என்றாள் அக்காவும். "நீங்க நல்லாருக்கணும். அவரு போட்ட சோறு."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா அவரிடம் கத்திரிக்காய் வாங்கினாள். மறுக்க அவருக்குத் தெம்பு இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். ரொம்ப தூரம் வந்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் இத்தினி வருஷமா அவரு பொழைச்சி வரணும்னு வேண்டிக்கினு இருந்தேன். அவரு கொஞ்சம் கெட்டவரா ஆவணும்னு வேண்டி இருக்கணும் தங்கச்சி. அத யாரும் எனக்கு சொல்லல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் புத்தகத்தை நான் திண்டிவனத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் மூத்தார் இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்திருப்பார் என்று மட்டும் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் கல்யாணத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மீதி இருந்த அத்தியாயங்களையும் அக்கா படிக்கச் சொன்னாள். முகாம் கதவு திறந்து அவர்கள் இரண்டு பேரும் வெளியே நடந்து போகிற இடம் வந்தபோது மற்றவர்கள் அழுதார்கள். எதிர்வீட்டு அத்தைகூட மூக்கைச் சிந்தினாள். அக்கா, "பொழைச்சான், நல்லாருக்கட்டும்" என்றாள். அன்று சாயங்காலம் என் கணவரைக் கூப்பிட்டு, ஒலக்கூருக்கு ஆள் அனுப்பச் சொன்னாள்.

ஆனி மாதக் கடைசி. திருவாமாத்தூரில் பம்பை ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்று தோண்டி, சொம்பால் மொண்டு ஊற்றி அக்காவைக் குளிப்பாட்டினோம். ஈரப் புடவையோடு கோயிலுக்கு நடந்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்திருந்தார்கள். அவள் கல்மேல் கை வைத்தாள். வலது கையை மட்டும் வைத்தால் போதும், அவள் இரண்டையும் வைத்தாள்.

"எம் புருசன் சயாம் கேம்புல செத்துட்டாரு. தன் சோத்த இன்னொருத்தருக்கு குடுத்துட்டு செத்துட்டாரு."

இரண்டாவது வாக்கியத்தை அவளிடம் யாரும் கேட்கவில்லை. பெரியப்பா துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

ஆற்றங்கரைக்குத் திரும்பியபோது வைக்கோலில் உருவம் தயாராக இருந்தது. வெள்ளை வேட்டி சுற்றியிருந்தார்கள். இத்தனை நாளும் முடிக்க வேண்டும், முடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த என் கணவர், கொள்ளிக் கட்டையைக் கையில் வாங்கியதும் மணலில் உட்கார்ந்து, "என்ன தோள்மேல தூக்கிக்கினு திருவிழா காட்டினியே அண்ணா" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். என் மாமியார் அழவில்லை. அக்காவின் தாலியை அவள்தான் கழற்றினாள். நான் பார்க்கவில்லை, ஊற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். பெண் போட்டது. நாங்கள் எல்லோரும் போட்டோம். கடைசியில் அக்கா வந்து முழங்காலிட்டு உட்கார்ந்தாள். வைக்கோல் தலையில் வாய் எங்கே இருக்கும் என்று தேடிக் கையால் தடவினாள். இரண்டு கையும் நிறைய அரிசியை வைத்து, ஒன்றும் சிந்தாமல் விரலால் உள்ளே அழுத்தினாள்.

"இத யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள். "நீங்களே துன்னுங்க."

மறுநாள் ஒலக்கூரிலிருந்து ஒரு ஆள் வந்தார். தீட்டு என்பதால் வாசலிலேயே நின்று, ஆவணியில் முகூர்த்தத்துக்கு நாள் பார்த்திருப்பதாகச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார்.